கதவைச் சாத்திய பிறகு

சாரம் கடைத்தெருவில் கிருஷ்ணசாமியின் புத்தகக் கடையில் நின்றபடியே மாத இதழைப் புரட்டிய கன்னியப்பன், தன் கதையின் இரண்டாம் பக்கத்தில் திடுக்கிட்டார். அவர் எழுதியபடியே கதாநாயகன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஆனால் அவர் எழுதாமலே, சாத்திய பிறகும் கதை தொடர்ந்துகொண்டிருந்தது.

அவன் மனைவியின் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, வெடித்த குதிகாலுக்கு நல்லெண்ணெய் தடவுகிறான். சரி, குதிகாலோடு நின்றானா? நிற்கவில்லை. கன்னியப்பன் இதழைப் பட்டென்று மூடினார்.

பாவம், அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. விடியலில் எழுந்து, சேதராப்பட்டுக் கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு பக்கமாவது எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் ஆணும் பெண்ணும் நெருங்கும் இடம் வந்தால் பேனா நின்றுவிடும். அங்கே நாலு விரல் அகலம் காலியாக விட்டுவிட்டு, மறுநாள் காலைக் காப்பியிலிருந்து கதையைத் தொடர்வார். டைப் அடிக்கும் கலைவாணி அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிடுவாள்.

மனைவி வேம்பு கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தாள்: "எழுதுறது உங்க இஷ்டம். நாலு பேரு சிரிக்கிற மாதிரி எதனா எழுதுனீங்க, பேனாவத் தூக்கி அடுப்புல போட்டுடுவேன்."

இந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டால் எழுத்துக்கு அன்றோடு மூடுவிழா. தொங்கிய பிரதிகள் அத்தனையையும் அவர் இழுத்தார்.

"இன்னா முசியே, மொத்தமா அள்ளுற?" என்று பழைய பிரெஞ்சு மரியாதையில் கேட்டார் கிருஷ்ணசாமி.

"சொந்தக்காரங்களுக்குப்பா."

மறுநாள் காலையில் கடை வாசலில் அட்டை ஒன்று ஆடியது: 'நம்ம சாரம் எழுத்தாளரின் கதை! ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது!' அதன் கீழே புதுக் கட்டுகள்.

"உனக்கோசரம் கேட்டு வாங்கியாந்தேன்யா," என்றார் கிருஷ்ணசாமி. "பொம்பளைங்கதான் ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கினு போறாங்க."

பஸ்ஸில் ஏறியதும் கன்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு இதழாசிரியருக்கு போன் போட்டார்.

"சார், அந்தக் காலு விஷயம்... எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார்."

"அந்தக் காலுக்காகத்தான் சார் கதையவே எடுத்தோம்!" என்றார் ஆசிரியர். "அடுத்த இதழ்லேர்ந்து தொடரா எழுதுங்க. இதே மாதிரி வேணும், குறையக் கூடாது."

பக்கத்து சீட்டு ராஜ்கமல் மெல்லக் குனிந்து அவர் காலைப் பார்த்தான்.

"காலுக்கு இன்னாண்ணே? சக்கரையா?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாமயா இப்படி வேர்க்குது?" நல்ல மனசுக்காரன். அவர் ஷிப்டில் இருந்தபோது வேம்புவுக்கு போன் போட்டுச் சொல்லியே விட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே நல்லெண்ணெய் வாசனை. வேம்பு கிண்ணத்தோடு நின்றாள்.

"உக்காருங்க. காலைக் காட்டுங்க."

"வாணாம்! காலு நல்லாத்தான் இருக்குது!"

"வெக்கப்படாம நீட்டுங்க. யாரு பாக்கப் போறா? கதவைச் சாத்திடுறேன்."

அவள் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் கன்னியப்பன் செருப்புகூட மாட்டாமல் தெருவில் இருந்தார். படித்துவிட்டாளா? படிக்கவில்லையா? இந்த வினையை இழுத்துவிட்ட கலைவாணியை ஒரு கை பார்த்தால்தான் ஆறும். நேராக டைப் கடைக்குள் நுழைந்தார்.

"ஏம்மா கலைவாணி, உன்ன எம்பொண்ணு மாதிரி நெனச்சேனே! புள்ளி வைக்கிற எடத்துல இன்னா வச்சிருக்கிற? பொம்பளப் புள்ள எழுதுற எழுத்தா அது?"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கலைவாணி பதறி எழுந்தாள்.

"ஐயோ, நான் எங்க சார் எழுதுனேன்? உங்களுக்குக் காய்ச்சல்னு உங்க வீட்டம்மாதானே அன்னிக்கித் தாளை எடுத்தாந்தாங்க. 'இந்த மனுசன் எப்பவும் இந்த எடத்தக் காலியாத்தான் வுடுவாரு, நான் சொல்றேன், நீ அடி'ன்னாங்க. இன்னும் ஒரு பக்கம் சொன்னாங்க சார். அப்புறம் அவங்களே, 'அதை மட்டும் அழிச்சிடும்மா, அவரு தாங்க மாட்டாரு'ன்னுட்டாங்க."