ஒப்ளிவியஸ் வீட்டுப் பேய்

சுகந்தினியின் ஆங்கில வகுப்பை நிறுத்திவிடுவதென்று முடிவெடுத்தேன். செவ்வாயும் வியாழனும் அவள் மாலையில் படிக்கப் போகிறாள். அன்று வீட்டில் சமையல் இல்லை; நான் பாணும் பட்டரும் தின்கிறேன். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

நேரே சொன்னால் வீடு இரண்டுபடும். ஆனால் வீடே என் கட்சி. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்களுடையது பழைய மரவீடு. ரயில் போனால் நடைவழிப் பலகைகள் முனகும். இந்த நாட்டில் ஜூன் குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டு. இந்த வீட்டுக்குள் தனியே நுழையப் பயந்தாளென்றால் வகுப்பு தானாக நிற்கும்.

செவ்வாய், அவள் வகுப்பிலிருந்தபோது நடைவழி அலுமாரியில் மீன்பிடிக்கும் தங்கூசி நூலைக் கட்டினேன். மறுமுனை குளியலறையில்.

மறுநாள் காலை அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒப்ளிவியஸ் எண்டால் என்ன? நாளைக்கு வசனம் சொல்லவேணும்."

"பக்கத்தில என்ன நடந்தாலும் தெரியாமல் இருக்கிறது."

"உதாரணம்?"

"நீர்தான்."

சிரித்தாள்.

மாலை இருட்டியது. குளியலறையிலிருந்து நூலை இழுத்தேன். அலுமாரி கிறீச்சென்று திறந்தது. சுகந்தினி வெங்காயம் வெட்டினாள். மறுபடி இழுத்தேன். கத்திச் சத்தம் நிற்கவேயில்லை.

வெளியே வந்தேன்.

"சுகி, ஏதோ சத்தம் கேட்டதெல்லே?"

தூணைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போனாள். மேசையில் ஒரே ஒரு தட்டு வைத்தாள். நான் என் கதிரையில் இருந்தேன்.

"சுகி, உம்மோடதான் கதைக்கிறன்!"

போன் அடித்தது. பக்கத்து வீட்டுச் செல்வநாயகி.

"ஓம் அக்கா, தனியத்தான் இருக்கிறன். அவர் இருந்த கதிரையைப் பார்க்கத்தான் ஒரு மாதிரிக் கிடக்கு."

என்னை ஊடுருவிப் பார்த்தாள். கைநாடியைத் தேடினேன், அகப்படவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். நான் தெரியவேண்டிய இடத்தில் சோற்றுப் பானையின் ஆவி.

அப்போது அலுமாரி கிறீச்சென்று திறந்தது. நூல் என் கையில் இல்லை.

"முருகா! சுகி, நீர் வகுப்புக்குப் போம்! ரெண்டு நாளும் நானே சமைக்கிறன்!"

"கேட்டதோ அக்கா? நீங்கள்தான் சாட்சி."

ரிசீவரை வைத்தாள். குனிந்து, கால் பெருவிரலில் சுற்றியிருந்த தங்கூசியை அவிழ்த்தாள்.

"உங்கட நூலை நேற்றே கண்டனான். மிச்சத்தை வீணாக்கக் கூடாதெல்லே."

வியாழன் அவள் சொன்ன வசனத்துக்கு வகுப்பே கைதட்டியதாம்: "என் கணவர் ஒப்ளிவியஸ்."

நான் அதை மறுத்து வாதாடிக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் கருகிக்கொண்டிருந்த பருப்பை அவள்தான் இறக்கிவைத்தாள்.