தெற்கே போன கல்யாண மண்டபம்

தாள் என்றால் மேலே இருந்துதான் தொடங்கும் என்று ரொம்ப காலம் நம்பியிருந்தேன். பிள்ளையார் சுழியை மேலேதானே போடுகிறோம்? பி.டி.எஃப். கோப்புக்குப் பிள்ளையாரையும் தெரியாது, சுழியையும் தெரியாது. கம்ப்யூட்டரில் நிரல் எழுதி அதில் படம் வரைந்தால், தாளின் அடியிலிருந்து மேல்நோக்கி அளக்கிறது. இது தெரியாமல் என் அக்கா மகள் கல்யாணத்தையே தெற்கே நகர்த்தி வைத்தவன் நான்.

மண்டபம் புதுசு. எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரும் ரோட்டில், ஒரு பெட்டிக்கடை அருகே வடக்கே திரும்ப வேண்டும். செல்போன் மேப்பில் அது இன்னும் ஏறவில்லை.

“ஏலே, பெட்டிக்கடைகிட்ட வடக்க திரும்புங்கன்னு ஒரு வரி போட்டா போதாதா?” என்றாள் அக்கா.

“தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? ஒவ்வொரு வீட்டுக்கும் அவிய பேரைப் போட்டு, மேப் வரைஞ்சு அனுப்புதேன்.”

(ஆபீஸில் பார்சல் லேபிள் அடிக்கக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி படித்திருந்தேன். அந்தத் திமிர்.)

கிராப் தாளில் வரைந்து, மேலிருந்து அளந்து, எண்களை நிரலில் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் தலைப்பு தாளின் காலடியில் கிடந்தது. எழுத்துகளையும் வடக்கு காட்டும் அம்பையும் மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சரிசெய்தேன். கோடுகள் பார்க்க அம்சமாக இருந்ததால் தொடவில்லை. மண்டபத்துக்கு வரைந்த கட்டம் எங்கே நின்றதோ, அங்கேயே ‘மண்டபம்’ என்று எழுதி எண்பது வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, மண்டப வாசலில் அத்தானிடம் அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். பருத்திக்காட்டில் பிறந்து வளர்ந்த மனுஷர். ஒரே பார்வைதான்.

“மச்சான், மேல வடக்குன்னு நீயே அம்பு போட்டிருக்கே. மண்டபத்தைக் கீழ வச்சிருக்கே. ரோட்டுக்குத் தெக்க ஓடைல்லா கெடக்கு?”

முந்தின நாள் மழை. கரிசல் மண் நனைந்தால் வண்டியை விடாது. மாப்பிள்ளை வீட்டு வேன் எட்டயபுரத்திலிருந்து கிளம்பிவிட்டது; யாரும் போனை எடுக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். பெண்ணை மேடைக்கு அழைத்து வரவேண்டிய தாய்மாமன் நான் ஸ்கூட்டரில் பறந்தேன்.

பெட்டிக்கடை எதிரே, தெற்கே போகும் மண்பாதையில் பெரிய டயர்த் தடம். போச்சு, வேன் உள்ளே போய்விட்டது! (அது டிராக்டர் தடம். இதெல்லாம் அப்போது யோசிக்கிற நிலையிலா இருந்தேன்?) உள்ளே விட்டேன். நூறடியில் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டில் அடைத்து, ஸ்கூட்டர் நின்றது. இறங்கினேன், ஒரு செருப்பைக் கரிசல் வாங்கிக்கொண்டது. “மாப்பிள்ளே! மாப்பிள்ளே!” என்று ஓடையைப் பார்த்துக் கத்தினேன்.

பின்னால் ஹார்ன் கேட்டது. தார் ரோட்டில் வேன். மாப்பிள்ளையின் அப்பா ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, இங்கன என்ன செய்யுதீய?”

“உங்களைத் தேடுதேன்!”

“நாங்க ரோட்லல்லா வாரோம்?”

மாப்பிள்ளையே இறங்கிவந்து கைகொடுத்து என்னை ஏற்றினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் என் காலைக் கழுவினார்கள். தாம்பாளத்திலிருந்த புது வேட்டியில் ஒன்றை அவர் அப்பா எடுத்து நீட்டினார். “கட்டுங்க. தாய்மாமன் இல்லாம எங்க கல்யாணம்?” அந்த வேட்டியோடுதான் என் மருமகளை மேடைக்கு அழைத்து வந்தேன்.

பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டு வேனில், மாப்பிள்ளை வீட்டு வேட்டியோடு வந்து இறங்கியதை அக்கா விடுவாளா? அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கு ‘மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன்’ என்றுதான் பெயர். கடைக்குக் கிளம்பினால்கூட மருமகள், “மாமா, மேப் எடுத்துக்கிட்டீயளா?” என்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான்: எண்பது வீட்டில் ஒருத்தர்கூட அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. எல்லோரும் பெட்டிக்கடையில் வழி கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள்.