தொப்பிக்குள் இருந்த பேய்

அந்தக் கட்டிடத்தின் மாடிப்படியில் காலை ஆறு மணிக்கே வரிசை கட்டிவிடுவார்கள். யாரும் கையை வீசிக்கொண்டு வருவதில்லை. ஆளுக்கொரு துணிப்பொட்டலம். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, வெயில் படாமல், காற்றுப் படாமல் வருவார்கள். பொட்டலத்துக்குள் இருந்தது பிள்ளை அல்ல, போன். போனுக்குப் பேய் பிடித்திருந்தது.

சிரிக்க வேண்டாம். சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் போன் தானாகப் பேசுகிறதா? நீங்கள் அனுப்பாத குரல் செய்தி உங்கள் பெயரில் போகிறதா? ஒலிமுனி ஐயாவைப் பாருங்கள்.' அச்சில் வந்துவிட்டால் அது பொய்யாக இருக்குமா?

மாடி அறையில் ஒலிமுனி ஐயா உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் முன்புவரை கீழ்க்கடையில் போனுக்கு உறை விற்றவர்தான். உறையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்கு உள்ளே இருக்கும் ஆவியைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். காது இரண்டையும் மூடிய பெரிய ஹெட்போன். அதன் ஒயர் அவருடைய சட்டைப் பைக்குள் போகும். அதற்கு மேல் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஞானிகளின் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது மரியாதையாகாது அல்லவா?

அவர் கண்டுபிடித்த பேயின் பெயர் பாதிப்பேச்சு. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனவர்கள், மீதிப் பேச்சை முடிக்க அடுத்தவர் போனுக்குள் நுழைந்துவிடுகிறார்களாம். வைத்தியமும் சுலபம்தான். பொட்டலத்தைப் பிரிக்காமலே ஹெட்போனைத் தொட்டுக் கேட்டு, பேய் ஆணா பெண்ணா என்று சொல்வார். போனைத் திறக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். போன் திரைக்குப் பின்னால் போகும். இரண்டு நிமிடம் மணி ஆட்டுவார். பேய் போய்விடும். பதிலுக்குக் காதுத் தோடு இரண்டையும் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும், காதில் கிடக்கும் உலோகம்தான் அலையை இழுக்கிறதாம்.

தங்கத் தோடு போட்டவர்களுக்குப் பேய் ஒரேயடியாகப் போனது. கவரிங் தோடு போட்டவர்களுக்கு அன்று மாலையே திரும்பி வந்தது. பாதிப்பேச்சுக்கு உரசிப் பார்க்காமலே தங்கம் தெரிந்தது. நகைக்கடையில் வேலைக்கு வைத்திருக்கலாம்.

வரிசையில் நின்றவர்களில் பாதிக்குமேல் ஒரே தையல் ஆலையைச் சேர்ந்தவர்கள். சட்டை தைக்கும் லைனில் நாற்பது பேர். முடி மிஷினில் சிக்கிவிடக் கூடாதென்று, சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் எலாஸ்டிக் வைத்த நீலத் தொப்பி போட வேண்டும். லைனுக்குள் போன் கொண்டுவரக் கூடாது, பையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது இன்னொரு சட்டம். சட்டம் அழகாகச் சுவரில் எழுதியிருந்தது. எல்லோரும் அதைப் படித்துவிட்டு, போனைத் தொப்பிக்குள், காதோரம் செருகிக்கொண்டார்கள். கை இரண்டும் துணியில் இருக்கும், காது ஊர் சுற்றும். நாற்பது பேருக்கும் ஒரு வாட்ஸப் குழு. அதில் குரல் செய்தி கேட்டுக்கொண்டே தைத்தால் பொழுது போவதே தெரியாது.

அந்தக் குழுவில்தான் பேய் முதலில் பேசியது. ஒருத்தி பெயரில் நான்கு நிமிடம் வெறும் மிஷின் சத்தம் வந்தது. இன்னொருத்தி பெயரில் அவள் மாமியாரைப் பற்றிய முழு விவரம் வந்தது. குழுவில் அந்த மாமியாரும் இருந்தாள், அவளுக்கு மடிப்பு மேசையில் வேலை. சூப்பர்வைசர் பெயரிலேயே ஒரு செய்தி வந்தது. "நம்ம முதலாளிக்கு இருக்கிற மூளை ஒரு நூல் பாபின்ல சுத்தக்கூட பத்தாது." நல்லவேளை, முதலாளி குழுவில் இல்லை. சூப்பர்வைசர் மறுநாளே தன் போன் பையில்தான் இருந்தது, தானாகப் பேசிவிட்டது என்று அறிவித்தார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன? நாற்பது பேர் போனும் பையில்தான் இருந்தது. நாற்பதும் தானாகத்தான் பேசின.

இதில் மாட்டிக்கொண்டவள் காலர்க்காரி. காலர் தைப்பதில் அவளுக்கு இணை யாருமில்லை என்பதால் வந்த பெயர் அது. வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து இரண்டு மாதம். அவள் தைக்கும் காலரில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருநாள் பக்கத்து மிஷின்காரியிடம் அவள் மெதுவாகச் சொன்னது குழுவில் சத்தமாக வந்துவிட்டது. "சூப்பர்வைசர் நடந்து வர்றது, ரெண்டு தலகாணி சேர்ந்து நடந்து வர்ற மாதிரி இல்ல?"

சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, நியாயமாகவே பேசினார். பேய் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம், அவள் சொல்லியிருந்தால் மன்னிக்க முடியாது. சனிக்கிழமைக்குள் ஒலிமுனியிடம் பேய் ஓட்டி, முத்திரை குத்திய காகிதம் வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் மிஷினில் வேறு ஆள் உட்காரும். காகிதம் போலியாக இருந்துவிடக் கூடாதென்று, தானே கூட வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

காலர்க்காரி அன்று வீட்டுக்கு வந்து தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம் காலர் தைத்து வாங்கிய தங்கத் தோடு. லைனில் பாதிப் பேருக்குக் காது மூளியாகிவிட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க மிஷின் நூலைக் கோத்துக்கொண்டு அலைந்தார்கள். நாளைக்கு இவளுக்கும் நூல்தான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அதே ஆலையில் செக்கிங் பிரிவு. தைத்து வந்த சட்டையில் எங்கே குற்றமோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஒட்டுவதுதான் அவள் வேலை. அதனால் ஆலையில் அவளுக்குப் பெயர் அம்பு. வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் அவள் கண் அம்பு ஒட்ட இடம் தேடும். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே அடுப்படி, ஆனால் ஒரே கருத்து இருந்ததில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, போன் பையில இருந்துச்சா, தொப்பியில இருந்துச்சா?"

பையில்தான் என்று காலர்க்காரி சத்தியம் செய்தாள். பத்து நாளாகச் செய்து செய்து, அந்தச் சத்தியத்தை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

அம்பு விடவில்லை. செக்கிங்கில் நிற்கிறவர்களுக்கும் பேக்கிங்கில் நிற்கிறவர்களுக்கும் ஏன் பேய் பிடிக்கவில்லை என்று யோசித்தாள். அவர்கள் எல்லோருக்கும் காதில் தோடு இருந்தது, தொப்பியில் போன் இல்லை. அடுப்படியிலேயே நீலத் தொப்பியை மாட்டி, குழுவுக்குப் பதிலாகத் தன் வீட்டுக்காரர் பெயரைத் திறந்து, தன் போனைக் காதோரம் செருகிக்கொண்டு சும்மா நின்றாள். எடுத்துப் பார்த்தாள். செய்தி போயிருந்தது. மறுபடி செருகினாள், மறுபடி போனது. இப்படிப் பன்னிரண்டு முறை. பன்னிரண்டு செய்தியிலும் அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டதால் வீட்டுக்காரர் பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போனின் அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினாள். காதருகே தூக்கினால் தானாகப் பதிவு செய், எடுத்தால் அனுப்பு என்று ஒரு ஏற்பாடு. பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அணைத்தாள். அதன்பின் எத்தனை முறை செருகினாலும் எதுவும் போகவில்லை.

காலர்க்காரிக்கு இதைக் காட்டியபோது அவள் சந்தோஷப்படவில்லை. அழுதுவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. பேய் இருந்தாத்தான் எனக்கு வேலை இருக்கும். பேய் இல்லைன்னா தலகாணின்னு சொன்னது நான்தானே?"

குற்றத்தைக் காட்டினால் ஆள் கெடுவாள் என்று அம்புக்கு இதுவரை எந்தச் சட்டையும் சொன்னதில்லை. அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அம்பு கேட்டாள், "நாளைக்குத் தோடு போகும். அடுத்த தடவ பேசினா எதைக் கழட்டுவீங்க?"

சனிக்கிழமை அரைநாள் வேலை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் லைன் முழுவதும் மாடிப்படியில் நின்றது. காலர்க்காரி முன்னால், அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர். அம்பு கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. என்னுடையதை முதலில் பாருங்கள் ஐயா, தாங்க முடியவில்லை என்று நீட்டினாள்.

ஒலிமுனி ஹெட்போனைத் தொட்டார். கண்ணை மூடினார். உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"ஆம்பளை. நாப்பத்தஞ்சு வயசு. பேசிட்டிருக்கும்போதே போயிருக்கான். கோவக்காரன்."

கூடவே ஒரு பெண் குரலும் கேட்கிற மாதிரி இல்லையா என்று அம்பு பணிவாகக் கேட்டாள். ஐயா மறுபடி கேட்டார். ஆமாம், சம்சாரமும் கூடவே இருக்கிறாள், இரண்டு பேரையும் ஓட்ட வேண்டும், எண்ணை எழுதிக் கொடு என்றார். கூட்டத்தில் ஒருத்தி அந்தப் பாவப்பட்ட தம்பதிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்பு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே துணி துவைக்கும் மஞ்சள் சோப்பு, பாதி தேய்ந்தது.

ஆனால் ஐயா அசரவில்லை. சோப்புக்குள்ளும் அலை போகும் என்றார். இருக்கலாம் என்று நாலு தலை ஆடியது. நம்பிக்கை என்பது லேசில் கரைந்து போகிற சோப்பு இல்லை.

பிறகு அவர் பேயை விரட்டத் தோதாகக் காலர்க்காரியின் போனைக் கேட்டார். பூட்டியே தருகிறேன், எண் தர மாட்டேன் என்று அம்பு குறுக்கே வந்தாள். பூட்டியிருந்தால் ஆவி வெளியே வராது என்றார் ஐயா.

"உள்ள போகும்போது யாருங்க திறந்துவிட்டது?" என்றாள் அம்பு.

ஒலிமுனி மணியை ஆட்டினார். அம்பு ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்ல மாட்டேன் அக்கா. நீங்க சொன்னா சொல்லுங்க. போன் எங்க இருந்துச்சு?"

காலர்க்காரி சூப்பர்வைசரைப் பார்த்தாள். கிண்ணத்தில் கிடந்த தோடுகளைப் பார்த்தாள். வீட்டில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருப்பவரை நினைத்தாள். ஆனால் ஒரு சோப்புக்குத் தோடு கொடுப்பதா என்று நினைத்தபோது பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"தொப்பியில இருந்துச்சு," என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. குழுவைத் திறந்து, போனைத் தொப்பிக்குள் செருகி, "நான் காலர்க்காரி பேசுறேன், பேய் இல்ல," என்று சொல்லிவிட்டு எடுத்தாள். அடுத்த நொடி, மாடிப்படி முழுவதும் துணிப்பொட்டலங்கள் ஒரே நேரத்தில் டிங் என்றன. அம்பு அவள் போனிலிருந்த அந்தப் பொத்தானை எல்லோரும் பார்க்க அணைத்தாள். காலர்க்காரி மறுபடி செருகினாள், பேசினாள், எடுத்தாள். பொட்டலங்கள் எல்லாம் ஊமையாக இருந்தன. மணிச் சத்தத்துக்கு நடுவே ஐயா திரைக்குப் பின்னால் அழுத்தியதும் இந்தப் பொத்தானைத்தான்.

"அப்போ தலகாணி..." என்று சூப்பர்வைசர் இழுத்தார்.

"நான்தான் சார் சொன்னேன். பேய் சொல்லல. தப்புதான்."

அவர் முகம் சிவந்தது. என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்படியிலிருந்து மடிப்பு மேசை மாமியாரின் குரல் வந்தது. "அப்போ அந்தப் பாபின் யாரு சார் சொன்னது?"

நாற்பது பேரும் சூப்பர்வைசரின் தொப்பியைப் பார்த்தார்கள். காதோரம் கொஞ்சம் புடைத்திருந்தது. அவர் அதை மெதுவாகக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை எல்லாரும் நேரத்துக்கு வந்துடுங்க," என்று காலர்க்காரியையும் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்புறம் திரையை விலக்கினார்கள். கிண்ணத்தில் கிடந்தது எல்லாம் கவரிங். தங்கம் தனி டப்பாவில், ஜோடி ஜோடியாக, எடைப்படி அடுக்கியிருந்தது. இவ்வளவு ஒழுங்காகத் தரம் பிரிக்கிற ஆள் எங்கள் செக்கிங்கில்கூட இல்லை என்று அம்பு மனதாரப் பாராட்டினாள். பெண்கள் காதிலிருந்த நூலை உருவிப் போட்டுவிட்டுத் தங்கள் தோட்டைத் தேடி எடுத்தார்கள். யாரோ ஒருத்தி கடைசியில் அந்த ஒயரைப் பிடித்து இழுத்தே விட்டாள். அதன் முனை, ஐயாவின் வீட்டுச் சாவிக்கொத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. அம்பு தன் பையிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஒன்றை எடுத்து, அவர் நெற்றிக்கு நடுவில் ஒட்டினாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை காலர்க்காரி காதில் தோட்டோடு வேலைக்குக் கிளம்பியபோது, வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவரும் தெரிந்தவர்கள், சனிக்கிழமை படியில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்கள். பேயை ஓட்டிய அந்த மஞ்சள் சோப்பில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள்.

காலர்க்காரி சிரிக்கவில்லை. உள்ளே போய் சோப்பை எடுத்து வந்து கொடுத்தாள். "எடுத்துட்டுப் போங்க. இதுல துணி நல்லா வெளுக்கும். மூளைய மட்டும் நீங்கதான் போட்டுத் துவைக்கணும்," என்றாள்.