பச்சை பியரும் வல்லாரைச் சம்பலும்

பொய் சொல்வதில் எனக்கு ஒரு நேர்மை உண்டு: எந்தப் பொய்யையும் யோசித்துச் சொன்னதில்லை. அதன் பலனை வாரம்தோறும் ஒரு கிண்ணம் வீதம் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

மொன்றியலுக்குப் படிக்க வந்த இரண்டாம் வருடம். நான் மதுரைக்காரன், தர்ஷி யாழ்ப்பாணத்துப் பெண். அவள் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வேலை இல்லை, வேறு நாட்டுக்காரன், பிரெஞ்சில் 'பொன்ஜூர்' தாண்டவில்லை. ஆகவே அவள் ஒரே ஒரு தகுதியை முன்வைத்திருந்தாள்: "குடிக்கமாட்டார்." (அதாவது, தினமும்.) அடுத்த ஞாயிறு அவள் அப்பா அம்மாவைச் சந்திப்பதாக ஏற்பாடு.

இந்த ஞாயிறோ ஐரிஷ்காரர்களின் மார்ச் மாதத் திருநாள் ஊர்வலம்; அன்று தொப்பி முதல் பியர் வரை எல்லாமே பச்சை. எனக்கும் அயர்லாந்துக்கும் உள்ள சம்பந்தம், இருவருக்கும் உருளைக்கிழங்கு பிடிக்கும் என்பதோடு சரி. அதற்காக விட்டுவிட முடியுமா? பச்சைத் தொப்பி வாங்கி, நண்பர்களோடு காலையிலேயே நகர மையத்து பார் ஒன்றில் நுழைந்துவிட்டேன். கண்ணாடிக் குவளையில் பச்சை பியர் வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் போலவே நிறம். நுரை சகிதம். இரண்டு குவளை குடித்தேன்.

மூன்றாவதை நினைக்கும்போது தர்ஷி அழைத்தாள்.

"எங்க நிக்கிறீங்கள்? அப்பா உங்களை இண்டைக்கே சாப்பிட வரட்டாம்."

"இன்னைக்கா? அடுத்த வாரம்னுதானே சொன்ன?"

"எனக்கும் விளங்கேல்லை. வேலையால வந்ததும் வராததுமாச் சொல்லுறார். நாலு மணிக்கு வாங்கோ."

பெண் கொடுக்க அவ்வளவு அவசரம் என்று பெருமைப்பட்டபடி கழிப்பறைக் கண்ணாடியைப் பார்த்தேன். நாக்கு, பல், உதடு எல்லாம் கிளிப்பச்சை. ஓடிப்போய் மூலைக்கடையில் பிரஷும் பேஸ்டும் வாங்கினேன். பாருக்குத் திரும்பினால் நண்பர்கள் விடமாட்டார்கள்; தண்ணீருக்கு எங்கே போவது? பேருந்து நிறுத்தத்தில் குவிந்திருந்த பனியை அள்ளி வாயில் போட்டுத் தேய்த்தேன். நாக்கு மரத்தது; பச்சை மட்டும் பளபளப்பு ஏறி நின்றது. பக்கத்தில் நின்ற அம்மையார் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் வீடு. வாயைத் திறக்காமல் புன்னகைத்தபடி உள்ளே போனேன். ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். அவள் அம்மா தேத்தண்ணி நீட்டினார்.

"என்ன தம்பி, வாயெல்லாம் பச்சையாக் கிடக்கு?"

தர்ஷியின் முகம் வெளுத்தது. என் மூளை, அதற்குத் தெரிந்த ஒரே பச்சைப் பொருளைக் கொண்டுவந்து போட்டது.

"வல்லாரை, ஆன்ட்டி. வல்லாரைத் துவையல். ஞாபக சக்திக்கு நல்லதுன்னு தினமும் காலைல சாப்பிடுவேன்."

"கேட்டியே பிள்ளை!" என்று மகளிடம் பாய்ந்தார். "படிக்கிற பெடியன், தனிய இருந்து வல்லாரை அரைச்சுச் சாப்பிடுது. நீ ஒருநாளாவது வாயில வைச்சனியே? இருங்கோ தம்பி, நேற்றுத்தான் சம்பல் போட்டனான்."

எனக்கு வல்லாரை என்றாலே குமட்டும். சின்ன வயதில் பரீட்சைக்கு முன்பெல்லாம் அம்மா கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போனது. தர்ஷியின் அம்மா சமையலறைக்குள் போனதும், அதுவரை பேசாமல் இருந்த அவள் அப்பா ஒரு தட்டை என் முன் வைத்தார். அவர் விரல் நுனிகளைப் பார்த்தேன். நகக்கண் முழுக்கக் கிளிப்பச்சை.

"இது சவுக்காரம் போட்டாலும் மூண்டு நாளைக்குப் போகாது தம்பி," என்றார் மெதுவாக. "நீர் குடிச்ச பாரின்ர குசினியில பதினைஞ்சு வருஷமா நான்தான் பியருக்குக் கலர் கலக்கிறனான். உங்கட ரெண்டாவது கிளாசுக்கு ரெண்டு சொட்டுக் கூடிப்போச்சுது. மன்னிச்சுக்கொள்ளும்."

நாக்கு மறுபடி மரத்திருந்தது.

"மகள் படம் காட்டினவள். அதுதான் ஆளைத் தெரிஞ்சுது. மேசைக்கு மேல ஏறி நிண்டு ஆடினதையும் பாத்தனான்." (ஆமாம், ஆடினேன். அதை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.)

"அங்கிள், அப்ப... நான் கிளம்பவா?"

"எங்க போறீர்? குடிச்சது உம்மட பாடு. ஆனா என்ர மனுசிக்குப் பொய் சொன்னீர். சொன்ன பொய்யை மிச்சம் வைக்காமல் சாப்பிடும்."

கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன். "தம்பிக்கு இன்னும் ஒரு கரண்டி போடு," என்றார் அவர். மூன்று முறை. மூன்றாம் கரண்டி முடிந்ததும் கல்யாணப் பேச்சை அவரே எடுத்தார்.

இப்போது அவர் என் மாமா. ஞாயிறுதோறும் எனக்கென்று தனியாக வல்லாரைச் சம்பல் வரும். "மருமகனுக்கு விருப்பம்" என்று மாமி ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பதால், விருந்துக்குப் போகும் வீடுகளிலும் அதுவே. மறுக்க நினைத்தால் மாமா தன் நகங்களை ஆராயத் தொடங்கிவிடுவார்.

போன மார்ச்சில் பரிமாறிக்கொண்டிருந்த மாமி திடீரென்று நின்றார்.

"தம்பி, நானும் இத்தனை வருஷமா வல்லாரை சாப்பிடுறன். எனக்கு ஒருநாளும் நாக்குப் பச்சையாகேல்லையே?"

தர்ஷிக்குப் புரையேறியது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கைகள் இரண்டும் மேசைக்குக் கீழே போயிருந்தன. மாமி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவரின் கையைப் பிடித்து மேலே இழுத்தார். நகக்கண்ணில் அந்த வருடத்துப் பச்சை.

அன்று மாமாவுக்கும் எனக்கும் சோறு வரவில்லை. கிண்ணம் நிறையச் சம்பல் மட்டும் வந்தது, ஆளுக்கு ஒன்றாக.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் மாமியின் முதல் வார்த்தை ஒன்றுதான்: "எங்க, நாக்கை நீட்டு பாப்பம்."