ஆறுக்குட்டி கொடுத்த கூரை

ஷண்முகப்ரியா மேடம் நிபந்தனை சொல்லிக்கொண்டிருந்தபோது ஆறுக்குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் வினை. ஜெகதளாவில் மூன்று மணிக்குப் பனி இறங்கினால் எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அதைப் பார்க்க ஆரம்பித்தால் மனிதருக்குக் காது கேட்காது.

தேயிலை விலை படுத்துவிட்ட வருஷம். இலை பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ஊரே புலம்பியது. ஆறுக்குட்டியின் சின்ன ஃபேக்டரியும் மூடிக் கிடந்தது. மேடம் தன் பள்ளிக்கூடத்துக்கு அதை வாடகைக்கு எடுத்தால் பிழைத்தார். இல்லையென்றால் மலையிறங்கி, கோயமுத்தூரில் மச்சானின் மளிகைக்கடையில் பருப்பு நிறுக்க வேண்டும். அங்கே பனி ஏது, பாவம்!

"கட்டடத்துல எங்கெங்க ஆஸ்பெஸ்டாஸ் இருக்குதுன்னு, தெரிஞ்ச ஆளை வெச்சுப் பார்த்து எழுதி வாங்கிடுங்க. அப்புறம்தான் கையெழுத்து," என்றார் மேடம். அதற்குமேல் அவர் விளக்கியதெல்லாம் பனியோடு போயிற்று. ஆறுக்குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மனைவி பாப்பம்மாள், குன்னூரிலிருக்கும் கட்டட ஆய்வாளர் ரமேஷ்குமாருக்கு உடனே போன் போடச் சொன்னாள். ஆறுக்குட்டி சிரித்தார். வருகிறவன் எதைப் பார்ப்பான்? கூரை அட்டையைப் பார்ப்பான். கூரையே இல்லாவிட்டால்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கூலிக்கு வந்த பழனியாண்டி கூரைமேல் ஏறினார். துருப்பிடித்த போல்ட் கழலவில்லை. சுத்தியலால் ஒரு போடு போட்டதில் நாலு அட்டை நொறுங்கி விழுந்தது. வெண்தூசி எழும்பி மிதந்தபோது ஃபேக்டரிக்குள்ளேயே பனி இறங்கியதுபோல இருந்தது. ஆறுக்குட்டி ரசிக்கக்கூடச் செய்தார். இருமல் வந்த பிறகுதான் பயந்துபோய், விளக்குமாற்றால் கூட்டச் சொன்னார். தரையில் கிடந்த தூசி, ஒட்டியிருந்த அவர் வீட்டு மாடிக்குப் போயிற்று. டேபிள் ஃபேனை வைத்து விரட்டினார். அது நேராகச் சமையலறைக்குப் போயிற்று. அன்றைய ரசத்தைப் பற்றிப் பாப்பம்மாள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கழற்றி இறக்கிய மற்ற அட்டைகள் உடையாமல் வாசலில் கிடந்தால் ரமேஷ்குமார் கண்ணில் படுமே? வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குள் சொல்லியனுப்பினார். கஷ்டகாலத்தில் இலவசம் என்றால் நிற்குமா? கோழிக்கூண்டுக்கு, மாட்டுக்கொட்டகைக்கு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். பனிக்குள் யாரோ வேனைக் கொண்டுவந்துகூடப் பத்து அட்டையை ஏற்றிப் போனார்கள். அன்று சாயங்காலம் ஆறுக்குட்டி கூரையில்லாத ஃபேக்டரி நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பனி நேராகத் தலையில் இறங்கியது. எங்கோ பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம்கூடக் கேட்டதாக அவருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் மேடமே ரமேஷ்குமாரை அழைத்துக்கொண்டு பள்ளி வேனில் வந்தார். ரமேஷ்குமார் மேலே பார்த்தார். ஆகாயம் தெரிந்தது. மெஷின்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

"ஏனுங்க, முழுசா இருக்கற அட்டையால பெரிசாப் பயமில்லீங்க. பெயின்ட் அடிச்சு அப்படியே விடுங்கன்னு ஒரே வரி எழுதியிருப்பேன். உடைச்சுத் தூசி பறந்தாத்தானுங்க நுரையீரலுக்கு ஆபத்து."

அதைத்தான் அன்றைக்கே விளக்கினேன் என்றார் மேடம். ஆறுக்குட்டிக்கு முகம் செத்துப்போயிற்று. அழுதுவிடுவார் போல நின்றார்.

மேடத்துக்கு மனசு இளகியது. முறைப்படி ஆள் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் கொடுத்த அட்டைகளெல்லாம் எங்கே போயின என்று தெரிந்தாக வேண்டும். எந்த ஜனங்கள் தலைக்குமேல் அந்தத் தூசி உதிர்கிறதோ என்று அவர் உச்சுக்கொட்டினார். ஆறுக்குட்டி வீடு வீடாகச் சொல்லி விரல்விட்டு எண்ணினார். வேனில் போன பத்துக்கு மட்டும் கணக்கு வரவில்லை.

பள்ளி வேன் டிரைவர் நாச்சிமுத்து பணிவாக முன்னால் வந்தார்.

"அது நாந்தானுங்க கொண்டுபோனேன். ஸ்கூல்ல அவிய ரூம் ஒழுகுதுன்னு மேடம் சொன்னாங்கல்லங்க, அளவு சேரலீன்னு அவிய மேசை மேலயே வெச்சு ரம்பத்துல அறுத்துக் கூரைக்குப் போட்டுட்டேனுங்க."