வசனத்துக்கு முன்னே சிரிப்பவர்

நம் ஊர்களில் முன்சொல்லி என்றோர் இனம் உண்டு. இதைக் காப்பாற்ற எந்த இலாகாவும் மெனக்கெட வேண்டாம், தானாகவே பெருகிக்கொள்ளும். ஒரு டி.வி. பெட்டி, அதில் ஓடும் ஒரு பழைய நிகழ்ச்சி, அதை இதுவரை பார்த்திராத ஓர் அப்பாவி, இந்த மூன்றும் ஓர் அறையில் சேர்ந்துவிட்டால் போதும், மூலையில் ஒரு முன்சொல்லி முளைத்து, தொண்டையைச் செருமி, "இப்ப பாரு" என்பார். நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பதென்ன, பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்திருப்பீர்கள்.

இவரை அடையாளம் காண்பது மிகச் சுலபம். மற்றவர்கள் வசனத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், இவர் சிரித்துவிட்டு வசனத்தைக் கேட்பார். மற்றவர்கள் டி.வி.யைப் பார்ப்பார்கள், இவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் சிரிக்கிறீர்களா, எவ்வளவு சிரிக்கிறீர்கள், போன தடவை இதே இடத்தில் உங்கள் மச்சான் சிரித்த அளவுக்குச் சிரிக்கிறீர்களா என்று ரேஷன் கடைத் தராசில் கண் வைப்பதுபோல வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். நீங்கள் சிரிக்காவிட்டால் அவருக்கு முகம் தொங்கிவிடும். சிரித்துவிட்டாலோ, அந்த வசனத்தை எழுதியதே தான்தான் என்பதுபோல அடக்கமாகத் தலையாட்டுவார். யாராவது அவருக்குப் பாராட்டு விழா எடுத்தால் தேவலை.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு வாய்த்த முன்சொல்லி பட்டு வியாபாரி ஜெயச்சந்திரன். அவருடைய பாடப் புத்தகம் 'மணி அடிச்சாச்சு'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரே சேனல் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த பள்ளிக்கூடக் காமெடி நாடகம் அது. பிளஸ் டூ 'டி' பிரிவு, தானே போட்ட கணக்குக்குத் தானே விடை தெரியாமல் முழிக்கும் கணக்கு வாத்தியார், எப்போதும் குடையும் கையுமாக அலையும் ஹெட்மாஸ்டர், கடைசி பெஞ்சில் நாலு தறுதலைகள். முதல் வாரமே பள்ளி மணியை அடிக்கும் சுத்தி காணாமல் போய்விடும். யார் ஒளித்து வைத்தார்கள் என்பதுதான் கடைசி வரைக்கும் கதை.

நாடெல்லாம் பார்த்த நாடகத்தில் இவருக்கு மட்டும் என்ன தனி மவுசு என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆரணியைப் பற்றித் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை, நெசவுக்காரனுக்கு அமாவாசைதான் விடுமுறை. ஞாயிறு காலையில் தெருவே தறிப் பள்ளத்தில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும். டி.வி. முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தவர் யார்? கல்லூரி முடித்துவிட்டு, அப்பாவின் வியாபாரத்தை என்றைக்காவது ஒரு நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜெயச்சந்திரன் ஒருவர்தான். ஆகவே அவர் சொன்னதுதான் 'மணி அடிச்சாச்சு'. பத்து வருஷம் சொன்னார். கல்யாணப் பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் ஒரு எபிசோடு சொன்னார். வந்தவாசி பஸ்ஸில் ஜன்னலோரம் சிக்கியவருக்கு இரண்டு எபிசோடு சொன்னார், அவர் சேத்துப்பட்டிலேயே இறங்கிவிட்டார். துக்கம் கேட்கப் போன வீட்டில் கூட, "செத்தவரு அப்படியே நம்ம கணக்கு வாத்தியார் ஜாடைங்க" என்று ஆரம்பித்தார்.

ஒன்றை மட்டும் அவர் சொன்னதே இல்லை. சுத்தி யாரிடம் இருந்தது? அதைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "அது பாக்க வேண்டிய எடம், சொல்லக் கூடாது" என்பார். என்ன கட்டுப்பாடு, என்ன பண்பு என்று தெருவே மெச்சியது. நானும் மெச்சினேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

இவருக்கு வாழ்க்கைப்பட்டவர் ரேணுகாதேவி. சேவூரில் தறி வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கும் இந்த நாடகம் தெரியும், ஆனால் காதால் மட்டும். அவர் தறிக்கும் பக்கத்து வீட்டு டி.வி.க்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஞாயிறுதோறும் தறியில் நாடா ஓட்டிக்கொண்டே குரல்களைக் கேட்டு, கணக்கு வாத்தியார் குண்டாக இருப்பார், அந்தக் கீச்சுக்குரல் பையனுக்கு முன்பல் இருக்காது என்று மனத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி வைத்திருந்தார். கடைசி எபிசோடு வந்த ஞாயிறன்று பக்கத்து வீடே கொல்லென்று சிரித்து, பிறகு அடங்கிப் போனதாம். என்னவென்று கேட்கத் தறியை நிறுத்தினார். "இன்னா, நாடா சத்தத்தையே காணோம்" என்று அப்பா குரல் கொடுத்தார். அவ்வளவுதான். மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்தில் போட்டுவைத்தார். அந்த ஆசையோடு வந்தவருக்குத்தான் இப்படியொரு புருஷன்.

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் கேபிள்காரர் அருள்தாஸ் வேலூரில் ஒரு கடையிலிருந்து அந்த நாடகத்தின் சி.டி.க்களை வாடகைக்கு எடுத்து வந்தார். மாதா மாதம் அமாவாசையன்று, படையல் போட்டுச் சாப்பிட்டு எல்லோரும் கையைத் துடைக்கிற மூன்று மணிக்கு, 'அமாவாசை ஸ்பெஷல்' என்று போட்டார். ரேணுகாதேவி முதல் முறையாகக் கணக்கு வாத்தியாரைக் கண்ணால் பார்த்தார். குச்சி மாதிரி இருந்தார் மனிதர். அதற்கு அவர் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், "இப்ப நாக்காலி உடையும் பாரு" என்றது பக்கத்துக் குரல். நாற்காலி உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஜெயச்சந்திரன் ஒருவர்தான் ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தார்.

மாதங்கள் போயின. நாற்காலிக்கு முன், பூனைக்கு முன், பரீட்சைத்தாள் காற்றில் பறப்பதற்கு முன் எல்லாம் ஜெயச்சந்திரன் பறந்தார். நடுநடுவே அவர் சொன்னதும் திரையில் வந்ததும் ஒத்துப்போகாமல் போகும். நாய் வரும் என்பார், ஆடு வரும். உடனே அவர், "கட் பண்ணிட்டானுங்க, ஒரிஜினல்ல நாய்தான்" என்பார். பத்து வருஷம் முன்னால் எடுத்து முடித்த நாடகத்தில் நாயை வெட்டி எறிந்துவிட்டு ஆட்டைக் கொண்டுவந்து கட்டியவன் எவன்? அதையெல்லாம் நாம் கேட்கக் கூடாது. மனிதர் நினைவில் இருப்பதுதான் ஒரிஜினல்.

கடைசி எபிசோடு வந்தது. அன்று காலையிலேயே ரேணுகாதேவி சொல்லிவிட்டார்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத மட்டும் என் கண்ணால பாக்கணும். உங்க வாயால வேணாம்."

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. பத்து வருசமா சொல்லிகினேதான் இருக்கீங்க. இன்னிக்கி ஒரு வார்த்த வந்துச்சின்னா நான் சேவூருக்குக் கெளம்பிடுவேன், ஆமா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனால்தான் ஜெயச்சந்திரன் பயந்தார். மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு பன்னீர்செல்வமும் அவர் மனைவி ராஜம்மாளும் வந்து உட்கார்ந்தார்கள், நானும் கதவோரம் இடம் பிடித்தேன். ரேணுகாதேவி ஒரு கமர்கட்டை எடுத்துப் புருஷன் வாயில் போட்டு, "கடிக்கக் கூடாது" என்றார். நாடகம் ஆரம்பித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனிதர் வாயைத் திறக்கவில்லை. கன்னம் உப்பியது, புருவம் ஏறியது, தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பேச்சு வரவில்லை. ரேணுகாதேவி சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நாடகம் சிரிக்க வைத்தபோது சிரித்தார். எனக்கே கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

கடைசிக் காட்சி. பள்ளிக்கூட மைதானம், பிரிவு உபசார விழா, பையன்கள் அழுகிறார்கள். சுத்தியை எடுத்தது யார் என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் மேடையில் முழங்குகிறார். மழை தூற ஆரம்பிக்கிறது. அவர் குடையைக் கையில் எடுக்கிறார். ரேணுகாதேவி தன்னையறியாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கரண்ட் போனது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் போனதே தவிர, அருள்தாஸ் ஆபீஸில் ஜெனரேட்டர் இருந்தது. நாடகம் யாருக்கும் தெரியாமல் தன்பாட்டுக்கு ஓடி முடிந்து, கரண்ட் வந்தபோது ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்தில் பெண்ணொருத்தி முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ரேணுகாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெல்லத் திரும்பி, பத்து வருஷத்தில் ஒரு முறையும் கேட்காததைக் கேட்டார்.

"சரி வுடுங்க. நீங்களே சொல்லிடுங்க. யாரு?"

முன்சொல்லியின் வாழ்வில் இதைவிடப் பெரிய நாள் உண்டா? மனைவியே வாய்விட்டுக் கேட்கிறாள், பக்கத்து வீடு காத்திருக்கிறது, வாயும் காலியாகிவிட்டது. ஜெயச்சந்திரன் சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"அன்னிக்கி..." என்றார்.

"ம்."

"அன்னிக்கி எங்க மாமா வந்திருந்தாரு. அவுரு முந்தின வாரம் பாக்கலன்னாரு. அவுருக்குக் கத சொல்லிகினு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், நடிச்சவங்க பேரு ஓடுது."

பன்னீர்செல்வம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "பத்து வருசமா இதுக்கா எங்களப் பேஜார் பண்ண?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ரேணுகாதேவி திட்டவில்லை. சேவூருக்கும் போகவில்லை. மறுநாள் காலையில் புருஷன் சேலை மூட்டையோடு வந்தவாசிக்கு பஸ் ஏறியதும், நேராக அருள்தாஸின் ஆபீசுக்குப் போனார். "அந்தக் கடைசி சி.டி.ய ஒரு தபா போடுங்க, ஜல்தி பாத்துட்டுப் போயிடறேன்" என்று கேட்டு, நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டு, முதலிலிருந்து முடிவு வரை, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் பார்த்தார். வரும் வழியில் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைத் தெருவில் எல்லோரும் பார்த்தோம். ராஜம்மாள் தன் வாசலிலேயே அவரை மடக்கி நிறுத்திக் கேட்டார். கேட்டுவிட்டு, "அடப் பாவி மனுசா, சுத்திய தன் குடைக்குள்ளயே வெச்சிகினு அந்த ஹெட்மாஸ்டர் ஊரையே தேடவுட்டிருக்கான் பாரேன்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜெயச்சந்திரனுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. சி.டி. அன்று மதியமே வேலூர் போய்விட்டது. பின்னாலேயே இவரும் போனார், கடைக்காரர் மொத்தத்தையும் யாருக்கோ விற்றிருந்தார். மனைவியைக் கேட்டால், "சாப்புட வாங்க" என்கிறார். பன்னீர்செல்வத்தைக் கேட்டால், "ஊட்ல கேளு" என்கிறார். இப்போதெல்லாம் டி.வி.யில் எது ஓடினாலும் மனிதர் கப்சிப். ரேணுகாதேவி நிம்மதியாகச் சிரிக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் சிரிக்கிறார்.

என்னிடமும் ஒரு நாள் வந்து கேட்டார். நான் சொல்லவில்லை. நீங்களும் வழியில் அவரைப் பார்த்தால் சொல்லிவிடாதீர்கள். ஏன் முழிக்கிறீர்கள்? சுத்தி யாரிடம் இருந்தது என்று இப்போதுதானே, எல்லோருக்கும் கேட்கும்படி ராஜம்மாள் சொன்னார். ஓ, அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம், "அந்தாளுக்கே தெரியாதுன்னு நான் அப்பவே சொல்லல?" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களோ?