அப்பா பெயரில் ஆறு அரையாண்டு

ஊரில் ஒழுங்கானவன் என்று பெயர் வாங்கிய ஆட்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆளாக நான் பல வருடம் இருந்திருக்கிறேன்.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமா, மனு எழுத வேண்டுமா, என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மேல்நிலைப் பள்ளியில் நான் வணிகவியல் வாத்தியார் என்பது ஒரு காரணம். கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுப்பேன் என்பது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட நான், மூன்று வருடம் வீட்டு வரி கட்டவில்லை.

பணம் இல்லாமல் இல்லை. (இந்த வரியைப் படித்ததும் என் மனைவி செல்வி சிரிப்பாள். சிரிக்கட்டும். வரி கட்டும் அளவுக்கு இருந்தது.) மறந்துபோகவும் இல்லை. நோட்டீஸ் வரும்போதெல்லாம் அதை எடுத்து, மடித்து, பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைப்பேன். ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது செல்வி சேலையை உருவினாள். நான்கு நோட்டீஸ் கீழே விழுந்தன.

"என்னங்க இது, லவ் லெட்டர் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு நடைமுறை இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது" என்றேன். எனக்கே புரியாததை அவளுக்குச் சொல்வது எப்படி?

விஷயம் இதுதான். வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவன் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று டெப்போவில் பேச்சு. வரி விஷயத்திலும் அப்படித்தான். அரையாண்டு பிறந்தால் முதல் நாளே, கவுன்டர் திறக்கும் முன்னால் போய் நிற்பார். ஒரு தடவை கூட ஒரு நாள் தள்ளிப் போனதில்லை.

அவர் இறந்த இரண்டாவது மாதம், அவருடைய பழைய மொபெட்டை நான் விற்றேன். நான்காயிரம் ரூபாய்க்குப் போனது. வாசலில் நின்று துருப்பிடிக்கிறதே என்றுதான் விற்றேன். திருமங்கலத்தில் கட்டிக் கொடுத்த என் அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அடுத்த வாரம் வந்தாள். வாசலைப் பார்த்தாள்.

"வண்டி எங்கடா?"

"வித்துட்டேன்க்கா."

அக்காவைக் கல்லூரிக்கு மூன்று வருடம் அந்த மொபெட்டில்தான் அப்பா கொண்டுபோய் விட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ஓட்டை வண்டி. இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

அந்த ஒரு வாக்கியத்தை இன்று நினைத்தாலும் என் காதைப் பிடித்து நானே திருகிக்கொள்ளத் தோன்றுகிறது. அக்கா காபியைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டாள். அதன்பின் பேச்சு இல்லை. விசேஷ வீடுகளில் நான் முதல் பந்தி என்றால் அவள் இரண்டாம் பந்தி.

அடுத்த மாதம் வரி நோட்டீஸ் வந்தது. வீடு என் பெயருக்கு மாறாமல் நான் எப்படி வரி கட்டுவது என்று யோசித்தேன். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு அக்காவிடம் பேச வேண்டும். நான் பேசுவதாக இல்லை. ஆக, நோட்டீஸ் சேலைக்கு அடியில் போனது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் 'நடைமுறை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் தெருவுக்கு வடிகால் கேட்டு மனு கொடுப்பது என்று முடிவானது. மழை பெய்தால் தெருமுனையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். எங்கள் தெருச் சங்கத் தலைவர் குப்புசாமி அண்ணே, ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், கடையில் மதுரைத் தமிழ் பேசுவார், அதிகாரிகள் முன்னால் எதுவுமே பேசமாட்டார்.

"மாப்ள, நீயே பேசிரு. ஒனக்குத்தான் பாயின்ட் பாயின்டா வரும்" என்றார்.

நானும் என் போனை அவரிடம் கொடுத்து, "வீடியோ எடுங்கண்ணே. எடுத்து நம்ம குரூப்ல போட்டுருங்க. நாளைக்கு நமக்கு ஆதாரம்" என்றேன்.

வரி அலுவலகமும் மனு வாங்கும் அறையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு இளம்பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சார், நல்லாருக்கீங்களா? நான் ஹேமா. பன்னெண்டாவது சி செக்சன்."

என் முதுகு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. பழைய மாணவி அரசு வேலையில். தெரு மொத்தமும் பார்க்கிறது. இதற்கு மேல் ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். குடிமகனின் கடமை என்றேன். உரிமை என்றேன். கடமையைச் செய்தவனுக்குத்தான் உரிமையைக் கேட்கும் தகுதி என்றேன். "எங்க தெருவில் அத்தனை பேரும் வரியைத் தேதிக்குக் கட்டுறவங்க மேடம்!" என்று முடித்தபோது, பின்னால் இருந்து இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். "நல்லது சார். வந்திருக்கவங்க வரி நம்பரை மனுவுல குறிச்சிருவோம். ஹேமா, ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லும்மா."

ஹேமா ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். நிலுவை இல்லை. நிலுவை இல்லை. குப்புசாமி அண்ணன், நிலுவை இல்லை. என் கதவு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சார்... உங்களது அப்புறம் பாத்துக்கலாம் சார். சர்வர் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு."

அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் என்ன செய்தேன்? அந்த நேரத்தில், சத்தியமாக, சேலைக்கு அடியில் இருந்த காகிதங்கள் என் நினைவிலேயே இல்லை. அவ்வளவு தூரம் என் பேச்சை நானே நம்பியிருந்தேன்.

"இல்லம்மா. வாத்தியார்ங்கிறதுக்காகச் சலுகை காட்டக் கூடாது. எல்லாருக்கும் வாசிச்ச மாதிரி எனக்கும் வாசி. சத்தமா வாசி."

ஹேமா தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். "உரிமையாளர் பெயர், முத்துக்காளை. ஆறு அரையாண்டு நிலுவை. அபராத வட்டி தனி. கடைசி அறிவிப்பு அனுப்பப்பட்டது. அடுத்து ஜப்தி நடவடிக்கை."

கைதட்டிய இரண்டு பேரும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மேடம், அது வந்து, எங்கப்பா தவறிட்டாரு. பேர் மாத்தாம எப்படிக் கட்டுறதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

அதிகாரி அம்மா வியப்பாகப் பார்த்தார். "பேர் மாத்தாமலே வரி கட்டலாமே சார். அந்த நம்பருக்கு யார் வந்து கட்டினாலும் வாங்கிக்குவோம். ரோட்டுல போறவர் வந்து கட்டினாலும் ரசீது உண்டு."

மூன்று வருடமாக நான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த காரணங்கள் அத்தனையும் ஒரே வாக்கியத்தில் சரிந்தன. வணிகவியல் வாத்தியார் யாரிடமாவது ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது என்று அந்த மேசைக்கு எதிரே நிற்கும்போதுதான் உறைத்தது. கேட்டு, சுலபம் என்று தெரிந்துவிட்டால், அக்காமேல் பழியைப் போட எனக்கு ஒரு சாக்குக் குறைந்துபோகும்.

குப்புசாமி அண்ணே என் தோளைத் தொட்டார். "மாப்ள, கொஞ்சம் பின்னாடி நில்லு. மனுவ நான் குடுத்துர்றேன்" என்றார். அதிகாரி முன்னால் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

வெட்கத்தைவிட என்னை வாட்டியது வேறு. வீடு திரும்பும் வழி முழுக்க ஹேமாவின் குரல் காதில் ஒலித்தது. என் பெயரை அவள் வாசிக்கவே இல்லை. அப்பா பெயரைத்தான் வாசித்தாள். வாழ்நாள் முழுக்க டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்த மனிதரை, இறந்தபின் ஏமாற்றுக்காரர் பட்டியலில் ஏற்றியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வீடியோ ஞாபகம் வந்தது. குப்புசாமி அண்ணே நான் சொன்னபடியே குரூப்பில் போட்டிருந்தார், ஒரு நொடிகூட வெட்டாமல். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். அது எத்தனை குரூப்புகளுக்குப் போனது என்று எண்ணும் தைரியம் எனக்கில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்றிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை.

எடுத்தேன். நலமா என்றெல்லாம் இல்லை.

"அப்பா பேரை எதுக்குடா அங்க வாசிக்கிறாங்க?"

சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தேன்.

"கேக்குறேன்ல? எம்புட்டு நிலுவை?"

சொன்னேன்.

"நாளைக்குக் காலையில வாரேன். கவுன்டர் தொறக்க முன்னாடி அங்க நில்லு" என்று வைத்துவிட்டாள். அப்பாவின் குரல் அப்படியே.

மறுநாள் நான் ஒன்பதரைக்குப் போனேன். அக்கா ஒன்பதுக்கே வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்நெற்றியில் நரை வந்திருந்தது. நான் அருகில் போய் நின்றேன். இருவரும் கவுன்டர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வண்டிய கேக்காம வித்தது தப்புக்கா" என்றேன். முந்தைய நாள் அத்தனை சொற்கள் வந்த வாயில், அந்த நான்கு சொற்கள் வர அரை மணி நேரம் ஆனது.

அக்கா திரும்பவில்லை. "நான் வண்டியவா கேட்டேன்? நானும் அவர் பிள்ளைதானேன்னு கேட்டேன்."

கவுன்டர் திறந்தது. நான் கார்டை எடுத்தேன். அக்கா கைப்பையைத் திறந்தாள்.

"நீ வரியக் கட்டு. அபராத வட்டிய நான் கட்டுறேன்."

"நீ எதுக்குக்கா? தப்பு என்னோடது."

"பேசாம இருந்தது நீ மட்டுமா? நானுந்தான இருந்தேன்."

"அதெல்லாம் வேணாம், நானே..."

"இன்னைக்கும் என்னைக் கேக்காம நீயே செஞ்சிருவியாடா?"

நான் வாயை மூடினேன். கவுன்டரில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, அண்ணே, யாராச்சும் ஒருத்தர் கட்டுங்க. பின்னாடி ஆளுக நிக்கிறாய்ங்க. ரசீது ஒண்ணுதான் வரும், ரெண்டா கிழிக்க முடியாது."

கடைசியில் அக்கா வட்டிக்கான பணத்தை என் சட்டைப்பையில் திணித்தாள். நான் மொத்தத்தையும் கார்டில் கட்டினேன். ரசீதை அவளே வாங்கி, அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். டீ வந்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, 'சத்தமா வாசி'ன்னு எவனாச்சும் சொல்லுவானா? அந்தப் புள்ள பாவம், அழுதுருவா போல இருந்துச்சு. நேத்து உங்க மச்சான் அதையே பத்துத் தடவை போட்டுப் பாத்தாரு."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

வாரிசுச் சான்றிதழும் பெயர் மாற்றமும் அந்த வருடத்திலேயே முடிந்தன. இப்போது ரசீதில் அக்கா பெயரும் என் பெயரும் சேர்ந்து வருகின்றன. தெருமுனையில் வடிகாலும் வந்துவிட்டது. அதன் திறப்பு நாளில் பேச என்னை யாரும் அழைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது வீறாப்பாகப் பேச ஆரம்பித்தால், என் மகள் உடனே, "சத்தமா வாசி" என்பாள். விருந்துக்கு வந்தவர்களுக்கு விளக்கமாகக் கதை சொல்லும் பொறுப்பு செல்வியுடையது. ஒவ்வொரு தடவையும் கைதட்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது.

வருடத்துக்கு இரண்டு தடவை, அரையாண்டு பிறக்கும் நாளில், திருமங்கலத்திலிருந்து போன் வந்துவிடும்.

"கட்டிட்டியாடா?"

இப்போதெல்லாம் வரியை வீட்டிலிருந்தே போனில் கட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை. காலைக் காபிக்கு முன்பே கட்டிவிடுகிறேன். ஆனாலும், "இன்னும் இல்லக்கா" என்றுதான் சொல்வேன். அக்கா திட்ட ஆரம்பிப்பாள். திட்டு, பிள்ளைகளின் படிப்புக்குப் போகும், மச்சானின் முழங்கால் வலிக்குப் போகும், அங்கிருந்து அப்பாவுக்குப் போகும். முக்கால் மணி நேரம் ஆகும்.

செல்வி தன் போனுக்கு வந்த ரசீதைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் விரலை உதட்டில் வைப்பேன்.